இடுப்பில் ஒரு கறுப்புப் புள்ளி

அந்த ஆஸ்பத்திரியில் "பால்காரம்மா எங்கே?" என்று கேட்டால் வாசல் காவலாளிகூட யோசிக்காமல் கீழ்த்தளத்துக்குக் கை காட்டுவார். கீழே போய்ப் பார்த்தால் ஒரு சொட்டுப் பால் கிடைக்காது. அங்கே கறப்பது கதிரியக்கம். திங்கட்கிழமைதோறும் வாளி அளவில் ஓர் ஈயப் பாத்திரம் வந்து இறங்கும். ஜெனரேட்டர் என்பார்கள். அதற்குள் ஒரு தாய்ப்பொருள் மெல்ல மெல்ல அழிந்து டெக்னீசியம் என்ற பிள்ளையைப் பெற்றுக்கொண்டே இருக்கும். காலையில் அதன் தலையில் ஒரு பக்கம் உப்புத்தண்ணீர்ப் புட்டியையும் மறுபக்கம் காற்று உறிஞ்சிய காலிப் புட்டியையும் செருகினால், தண்ணீர் உள்ளே ஓடிப் பிள்ளையை மட்டும் அள்ளிக்கொண்டு காலிப் புட்டிக்கு வந்து சேரும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் இதைக் கறப்பது என்றுதான் சொல்கிறார்கள். திங்களன்று நிறையக் கறக்கும், வெள்ளிக்குள் மடி வற்றிவிடும். இருபத்திரண்டு வருடமாக அதைக் கறக்கிறவளுக்குப் பால்காரம்மா என்று பெயர் விழாமல் வேறென்ன விழும்?

அவளுக்கு அந்தப் பெயரில் கோபம் கிடையாது. "என் பால் ஆறு மணி நேரத்துல பாதியாயிடும். தண்ணி கலக்காமலே குறையற பாலை வேற எங்க பாத்திருக்கீங்க?" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

ரசாயனம் படித்துவிட்டு முதலில் அவள் வேலைக்குப் போனது ஒரு பெயின்ட் கம்பெனிக்கு. அங்கே மேனேஜர் நல்லது என்று அனுப்பச் சொன்ன ஒரு பீப்பாயைச் சோதித்து, 'சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அடுத்த வாரம் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தாள். எதையும் பூசி மெழுகத் தெரியாதவளுக்குப் பெயின்ட் கம்பெனி சரிப்படாது என்று அவள் அப்பா சொன்னார். அவர் மகளைக் கேலி செய்தாரா, பாராட்டினாரா என்பது இன்றுவரை அவளுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி வேலை அவளுக்குச் சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. காலை ஆறரைக்கு ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கறப்பாள். புட்டியை நீளமான இடுக்கியால் தூக்குவாள். மருந்துப்பொடி இருக்கும் குப்பிக்குள் டெக்னீசியத்தைச் செலுத்திக் கலந்து, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். பிறகு ஒரு சொட்டை விரல் அகலத் தாள்பட்டையில் வைத்து, எவ்வளவு மருந்தோடு ஒட்டியது, எவ்வளவு ஒட்டாமல் சுற்றுகிறது என்று அளப்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஒட்டியிருந்தால்தான் அந்தக் குப்பி மாடிக்குப் போகும். தொண்ணூற்று நாலு என்றால் போகாது. யார் வந்து கெஞ்சினாலும் போகாது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டு மாடிக்கு இடையே நின்றுபோன லிஃப்ட் போலவே வாழ்ந்து பழகியவர். அந்த அக்காவைத்தான் பால்காரம்மா அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணி தையல்கடை நடத்துகிறவள். சுத்தம் என்றால் உயிர். கடையில் ஒரு நூல்துண்டு தரையில் கிடக்காது. தம்பி கல்யாணம் பண்ணிக்கொண்டவள் கதிரியக்கத்தில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணியின் வீட்டில் அவளுக்குத் தனித் தம்ளர் வைக்கப்பட்டது. அண்ணியின் குழந்தைகள் சின்னதாக இருந்தபோது, "குளிச்சிட்டு வந்து தூக்கு" என்பாள் அண்ணி. குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றாலும், "எதுக்கும் இன்னொரு தடவை" என்பாள்.

அது பால்காரம்மாவைச் சுட்டது. சுடவில்லை என்று சொன்னால் பொய். விளக்கிச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. படித்தவள் போய் நான் தொற்றுநோய் இல்லை என்று சாட்சி சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டாள். அண்ணிக்குப் பயம், இவளுக்கு ரோஷம். இப்படியே பத்தொன்பது வருடம் ஓடியது.

போன வருடம் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது.

புற்றுநோய்தான். மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, கட்டி பாதியாகச் சுருங்கியது. அறுவை மருத்துவர் ஒரு தேதி கொடுத்தார். வரும் வெள்ளிக்கிழமை. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். நோய் மார்பையும் அக்குளையும் தாண்டிப் போகாமல் இருந்தால்தான் கத்தி. எலும்புக்குப் போய்விட்டிருந்தால் வெட்டி எடுத்துப் பயனில்லை, மருந்தைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். எது உண்மை என்று பார்க்க, ஆறு மாதமாகப் பால்காரம்மாவின் ஆஸ்பத்திரியில் செய்துவந்த புதுச் சோதனைக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.

அந்தப் புதுச் சோதனைதான் பால்காரம்மாவின் செல்லப்பிள்ளை. நம் உடம்பு நோயைப் பிடிக்க ஒரு புரதத்தை உண்டாக்கிக்கொள்கிறது. எதிர்ப்பொருள் என்கிறார்கள். குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. சிலவகைப் புற்றுச் செல்களின் மேல்தோலில் ஒரு புரதம் மண்டிக் கிடக்கும். அதைத் தேடி ஒட்டுகிற எதிர்ப்பொருளைச் செய்து, அதன் முதுகில் டெக்னீசியத்தை ஏற்றி அனுப்பினால், புற்று எங்கே இருக்கிறதென்று காமிராவில் தெரியும். ஆனால் முழு எதிர்ப்பொருள் பெரிய ஆள். ஊருக்கு வந்த விருந்தாளி மாதிரி ரத்தத்திலேயே நாலு நாள் உட்கார்ந்துவிடும். போகிற வரைக்கும் படமெல்லாம் ஒரே மூட்டம். அதனால் ஒட்டுகிற நுனியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இந்தச் சின்னத் துண்டு விறுவிறுவென்று எல்லாச் சந்துக்கும் போகும். புற்று இருந்தால் ஒட்டும். இல்லையென்றால் சிறுநீரகம் வழியாக மத்தியானத்துக்குள் வெளியே போய்விடும். காலையில் ஊசி, இரண்டு மணி நேரத்தில் தெளிவான படம்.

செவ்வாய்க்கிழமை காலை பால்காரம்மா கறந்தாள், கலந்தாள், அளந்தாள். தொண்ணூற்றெட்டு. அண்ணிக்கான ஊசியை ஈய உறைக்குள் வைத்துத் தானே மாடிக்குக் கொண்டுபோனாள்.

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். ஊசியைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"நீ கலந்ததா?"

"நான்தான் அண்ணி."

"இத்தனை வருஷம் உன்னைக் குளிச்சிட்டு வா, குளிச்சிட்டு வான்னு விரட்டினேன். இப்ப எனக்குள்ளயே ஏத்தப் போற."

"ஆமா. இன்னிக்கு ஒருநாள் உங்களைத்தான் எல்லாரும் தள்ளி நில்லுன்னு சொல்லுவாங்க" என்றாள் பால்காரம்மா. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை உதட்டிலேயே மடக்கிக்கொண்டாள். நர்ஸ் ஊசி போட்டுவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். பால்காரம்மாவும் கீழே இறங்கினாள்.

பதினொன்றரைக்குக் காமிரா அறையிலிருந்து போன் வந்தது. காமிரா ஓட்டுகிறவர் சாதாரணமாக வளவளவென்று பேசுகிறவர். அன்றைக்கு, "அக்கா, கொஞ்சம் மேல வாங்க" என்பதோடு வைத்துவிட்டார்.

திரையில் அண்ணியின் உடம்பு வெளிர்நிழலாகக் கிடந்தது. மருந்து தங்கிய இடமெல்லாம் கறுப்பு. இரண்டு சிறுநீரகமும் கறுப்பு, அது எப்போதும் அப்படித்தான். மார்பில் கட்டி, அக்குளில் ஒரு சின்னத் திட்டு, இரண்டும் எதிர்பார்த்ததுதான். இடது இடுப்பெலும்பின் மேல், மை கொட்டினாற்போல் இன்னொன்று. அது யாரும் எதிர்பாராதது. முன்னாலிருந்து எடுத்த படத்திலும் இருந்தது, பின்னாலிருந்து எடுத்ததிலும் இருந்தது. பக்கவாட்டில் எடுத்தாலும் எலும்பின் மேலேயே விழுந்தது. உடம்பைச் சுற்றிவந்து ஆழம் பார்க்கக் காமிராவைத் திருப்புகிற மோட்டார் போன மாதமே படுத்துவிட்டதால், புள்ளி எலும்புக்குள்ளேயா வெளியேயா என்று பார்க்க வழியில்லை.

படம் பார்த்து முடிவு எழுதுகிற டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். நல்ல டாக்டர். கெட்ட செய்தியை ஓடி ஒளியாமல் சொல்கிறவர்.

"எலும்புக்குப் போயிடுச்சும்மா. சர்ஜனுக்கு எழுதிடறேன். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம்."

பால்காரம்மா திரையின் பக்கத்தில் போய் நின்றாள். கட்டியின் கறுப்பையும் புள்ளியின் கறுப்பையும் ஒப்பிட்டாள்.

"டாக்டர், இது எலும்பு இல்லை."

"எப்படிச் சொல்றீங்க?"

"கட்டியைப் பாருங்க. இத்தனை பெருசு, அதுலயே இவ்வளவு கறுப்பு இல்ல. மருந்துல எத்தனை பங்கு கட்டிக்குப் போகும்னு எனக்குத் தெரியும். ஒரு சுண்டுவிரல் நகத்தளவு இடத்துல இவ்வளவு போய் உட்காரணும்னா அது மருந்து வேலை செஞ்ச மாதிரி இல்ல. சிந்தின மாதிரி இருக்கு."

"தாய் எட்டடி பாய்ஞ்சா குட்டி பதினாறடி பாயறதில்லையா?"

"என் மருந்து அவ்வளவு பாயாது டாக்டர்."

டாக்டரம்மா குரலைத் தணித்தார். "உங்க வீட்டு ஆளு. மனசு அப்படித்தான் சொல்லும். நான் தப்புன்னு சொல்லலை."

இதுதான் பால்காரம்மாவைக் குத்தியது. பெயின்ட் பீப்பாயிலிருந்து இன்றுவரை அவள் மனசைக் கேட்டு ஒரு எண்ணையும் எழுதியதில்லை. "என் மனசை விடுங்க. சிறுநீர்ல மருந்து நிறைய வெளிய வருது. துணியில ஒரு சொட்டு பட்டிருந்தாலும் இப்படித் தெரியும். கவுனை மாத்தி, கை கழுவச் சொல்லி, இன்னொரு படம் எடுங்க. மத்தியானம் தாண்டினா ஒண்ணும் தெளிவா தெரியாது. இப்பவே எடுங்க."

எடுத்தார்கள். அண்ணி கவுனை மாற்றினாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள், மறுபடி படுத்தாள். ஐந்து நிமிஷம். திரையில் நிழல் ஊறி ஊறி வந்தது. சிறுநீரகம் வந்தது, கட்டி வந்தது. இடுப்பில் அந்தப் புள்ளி முன்பு இருந்த இடத்திலேயே, முன்பு இருந்த கறுப்போடு வந்தது.

காமிராக்காரர் தலையைச் சொறிந்தார். டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷம் பால்காரம்மாவுக்கு உலகமே ஆடிப்போனது. அண்ணி செத்துப்போவாள் என்ற நினைப்பு முதல் தடவையாக முழுசாக வந்தது. தம்ளரும் ரோஷமும் எங்கே போயின என்று தெரியவில்லை. மறுபடி கணக்குப் போட்டாள். மருந்து தொண்ணூற்றெட்டு. கட்டி இவ்வளவு. புள்ளி அவ்வளவு. கணக்கு இன்னமும் உதைத்தது. கணக்கு உதைத்தால் அவள் கையெழுத்துப் போடமாட்டாள், அடுத்தவரையும் போடவிடமாட்டாள்.

"ஒரு நிமிஷம் எழுதாதீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கதிரியக்கம் அளக்கிற கையளவுக் கருவியை எடுத்துக்கொண்டு அண்ணி படுத்திருந்த உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, கவுனுக்குள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"என்ன கேள்வி இது? பாவாடைதான். ஆம்பளை நிக்கற அறையில அதையும் கழட்டச் சொல்லுவீங்களா?"

"அதை மாத்தலையா?"

"அந்தத் தம்பி கவுனை மாத்துங்கன்னுதான் சொன்னாரு. மாத்திட்டேன்."

பாவம் காமிராக்காரர். ஐம்பது வயதுப் பெண்மணியிடம் உள்பாவாடையைக் கழற்றுங்கள் என்று சொல்ல அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. பால்காரம்மா அண்ணியின் இடுப்பருகே கருவியைக் கொண்டுபோனாள். மற்ற இடங்களில் முணுமுணுத்த கருவி அங்கே வீலென்று கத்தியது. "மன்னிச்சுக்குங்க அண்ணி" என்று சொல்லிப் பாவாடையின் இடுப்பு மடிப்புக்குள் விரலை விட்டாள். இரண்டாய் நாலாய் மடித்துச் செருகிய ஒரு பஞ்சு வந்தது. நடுவில் சின்ன ரத்தக்கறை.

"இது என்ன?"

"ஊசி போட்டப்ப அழுத்திப் பிடிக்கச் சொன்ன பஞ்சு. பின்ன கீழயா போடுவேன்? நான் அப்படிப்பட்டவளா?"

"பக்கத்துலயே பஞ்சு போடற தொட்டி இருந்துதே!"

"அதுல தொடாதேன்னு பெருசா எழுதியிருக்கு. கதிரியக்கம்னு படம் வேற போட்டிருக்கு. அதைப் போய்த் தொடச் சொல்றியா? அந்தப் பக்கமே போகலை நான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணி தொட்டியைப் பேய் என்று நினைத்து ஒதுங்கிப்போய், நிஜப் பேயை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஊசியை எடுக்கும்போது நுனியிலிருந்து கசிந்த ஒன்றிரண்டு துளி மருந்து அந்தப் பஞ்சில் இருந்தது. ஒரு கட்டிக்குள் போவதைவிட அது அதிகம். பஞ்சு வேண்டிய தொட்டிக்குப் போகாமல் எலும்புக்கு நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது.

தொட்டியின் மேல் இருக்கும் அந்தப் பலகையை இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதி ஒட்டியது யார்? பால்காரம்மாதான். துப்புரவு செய்கிறவர்கள் வெறுங்கையால் தொடக்கூடாதே என்று, 'தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பஞ்சை இங்கே போடுங்கள் என்று எழுதத் தோன்றவில்லை. நோயாளியும் படிப்பான் என்று தோன்றவில்லை. வெளியே வந்து டாக்டரம்மாவிடம் பஞ்சை ஈயக்கிண்ணத்தில் வைத்துக் காட்டி, அதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பலகை எழுதினது நான். தப்பு என் மேல. இதுக்கு முன்னாடி யாராவது இப்படிச் செருகிட்டுப் போனாங்களான்னு ஆறு மாசத்துப் படத்தையும் எடுத்துப் பாத்துடணும்."

"அதை நாளைக்குப் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. "முதல்ல மூணாவது படம்."

அண்ணி பாவாடை இல்லாமல், இரண்டு கவுனைச் சுற்றிக்கொண்டு, உலகத்தையே சபித்தபடி மூன்றாவது தடவை படுத்தாள். சிறுநீரகம் வந்தது. கட்டி வந்தது. அக்குளில் திட்டு வந்தது. இடது இடுப்பு வெளிறிக் கிடந்தது, வலது இடுப்பைப் போலவே. டாக்டரம்மா வலமும் இடமும் மாறி மாறிப் பார்த்தார். பாதி எழுதிய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். "எலும்பு சுத்தம். வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குத் தடையில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். காமிராக்காரருக்கு வளவளப்பு திரும்பிவிட்டது.

அண்ணி மருந்து ஏறியவர்களுக்கான தனி அறையில், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை படுக்க வைத்தார்கள் என்றால் சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பால்காரம்மா நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னமோ பாத்தீங்க. மறைக்காம சொல்லு."

பால்காரம்மா சொன்னாள். புள்ளியைச் சொன்னாள், ஆபரேஷன் வேண்டாம் என்று எழுத இருந்ததைச் சொன்னாள், பஞ்சைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். கடைசிப் படத்தில் எலும்பு சுத்தமாக இருப்பதைச் சொன்னாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது குடும்பத்தில் யாரும் பார்த்திராத காட்சி.

"சரி" என்றாள். "வெள்ளிக்கிழமை வெட்டி எடுத்துட்டா நான் பிழைச்சுக்குவேனா?"

கண்டிப்பா அண்ணி என்று சொல்லப் பால்காரம்மாவின் நாக்கு துடித்தது. சொல்லிவிட்டால் இருவருக்கும் சுகமாக இருக்கும். சொல்ல வேண்டும் என்று அவள் அன்று ஆசைப்பட்டது போல வாழ்க்கையில் ஆசைப்பட்டதில்லை.

"தெரியாது அண்ணி. மருந்து கேட்டிருக்கு, கட்டி பாதியாயிருக்கு, வேற எங்கயும் போகலை. இதெல்லாம் நல்ல சேதி. என் கணக்குப்படி நல்லாவே நல்ல சேதி. ஆனா பிழைச்சுக்குவீங்களான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது."

அண்ணியின் முகம் கோணியது. மொட்டைத்தலைத் துணியைப் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதாள். நோய் வந்ததிலிருந்து யார் முன்னாலும் அவள் அழுததில்லை. பால்காரம்மா பதறிப்போய், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எழுந்தாள்.

"உட்காரு" என்றாள் அண்ணி அழுகைக்கு நடுவில். "எல்லாரும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னே சொல்றாங்க. உன் புருஷன், என் பிள்ளைங்க, கடைக்கு வர்றவங்க, எல்லாரும். எத்தனை தடவை ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்களோ அத்தனை தடவை நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவேன். நீ தெரியாதுங்கற. நீ ஒருத்தி தெரியாதுன்னு சொன்னப்புறம்தான், நல்ல சேதின்னு சொன்னதை என்னால நம்ப முடியுது."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிக்கறப்ப நீதான் பக்கத்துல நிக்கணும். என் தம்பி வேண்டாம். அவன் பொய் சொல்லுவான்."